ஆறு பாகம் சங்கிலி

கயிறு அறுந்துவிட்டது என்று நினைத்துத்தான் அதை இழுத்தேன். பார்ஜின் முன்மூலையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கடலுக்குள்ளிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே சுருட்டினேன். இழுவைக் கயிறு தண்ணீரில் கிடந்தால் திரும்பி வருகிற படகின் விசிறியில் போய்ச் சுற்றிக்கொள்ளும், அதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது தலையில் இருந்தது. வெட்டி இழுக்காமல் இருக்க நடுவில் கட்டியிருந்த லாரி டயர் வந்தது. அதற்குப் பிறகும் இருபது பாகம் வந்தது. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அது ஒரு பாகம். கடைசியில் நூல் நூலாகப் பிய்ந்து தலைவிரித்தபடி ஒரு முனை வரும் என்று காத்திருந்த என் கைக்கு, நுனி முழுசாக வந்து சேர்ந்தது. கறுப்பு டேப் சுற்றிய நுனி. காலையில் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், உட்கார்ந்து நானே சுற்றிய டேப். அறுந்திருக்கவில்லை, யாரும் வெட்டியிருக்கவும் இல்லை. படகின் பின்பக்கத்து இரட்டை இரும்புக் கட்டையில் எட்டுப் போட்டுச் சுற்றியிருந்த அந்தக் கயிற்றை ஒருவர் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துவிட்டிருக்கிறார். ஈரக் கயிறு மடியில் கிடக்க, அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. சாரங்கு எங்களை விட்டுவிட்டார்.

நான்கு வருடம் ஆகிறது. சாரங்கு இப்போது இல்லை. போன மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், புரோத்ராபூரில் மகள் வீட்டில் காலமானார். படகை நடத்துகிறவரைத் தீவில் தமிழர், வங்காளி, தெலுங்கர் என்று எல்லோரும் சாரங்கு என்றுதான் சொல்வோம். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன். நல்ல மனிதராக எழுத ஆரம்பித்தால் நாலாவது வரியில் அந்த டேப் சுற்றிய நுனி வந்து நிற்கிறது. சரி, கோபமாகவே எழுதுவோம் என்று உட்கார்ந்தால் நான் சொன்ன பொய் வந்து நிற்கிறது. எந்தப் பக்கம் சாய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன்.

சென்னையில் கப்பல் படிப்பை முடித்துவிட்டு, கப்பலில் இடம் கிடைப்பதற்காகத் தீவுக்குத் திரும்பி, குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல முடியாது, என்னால் அது முடிகிற காரியம் இல்லை. மாடியில் துணிக்கொடியை அவிழ்த்து முடிச்சுப் போட்டுப் பார்ப்பேன், பக்கெட்டில் மணலை நிரப்பி ஸ்பூனை நங்கூரமாக இழுத்துப் பார்ப்பேன். அப்பா அரசாங்க வேலைக்காக மதுரைப் பக்கமிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மெயின்லேண்டில் படிக்கவைத்த பெண் ஸ்பூனைக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆபீஸில் சொல்லிச் சிரிப்பாராம். ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தீவுகளுக்குக் கட்டுமானச் சாமான் கொண்டுபோகும் ஒரு காண்டிராக்டரிடம் போய் வேலை கேட்டேன். அவரிடம் ஒரு சின்ன எஞ்சின் படகும், எஞ்சின் இல்லாத ஒரு பார்ஜும் இருந்தன. பார்ஜ் என்றால் மிதக்கிற இரும்புத் தட்டு, வேறொன்றும் இல்லை. மணல், சிமெண்ட், கம்பி எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கி, படகின் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். படகில் சாரங்கும் எஞ்சின் டிரைவரும் இருப்பார்கள். பார்ஜில் கயிறு வேலை பார்க்கும் வயதான வங்காளி லஸ்கர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் அவர் தாதா. அவரோடு நானும் பார்ஜில் ஏறினேன்.

சாரங்கு கடல்காரக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் பால் வெட்டக் கூட்டிவந்து குடிவைத்த குடும்பம். கடலை அவர் முதன்முதலில் பார்த்ததே அந்தப் பயணத்தில்தான், வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார் என்று எஞ்சின் டிரைவர் கேலி செய்வார். சாரங்கு மறுக்கமாட்டார். "இருந்ததெல்லாம் அன்னைக்கே வந்திருச்சு. அதான் இப்ப ஒண்ணும் வரமாட்டேங்குது" என்பார். ஒல்லியான மனிதர். படகில் எல்லோரும் வெறுங்காலோடு திரியும்போது அவர் மட்டும் தினமும் பாலிஷ் போட்ட கறுப்புத் தோல் ஷூ போட்டிருப்பார். உப்புத் தண்ணீரில் தோல் வெடித்துவிடுமே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, தோட்டத்தில் துரை ஒருத்தர்தான் ஷூ போட்டிருந்தார் என்று மட்டும் சொன்னார். அந்த ஷூவை அவர் கழற்றுவது லங்கர் போடும்போது மட்டும்தான். நங்கூரத்தைத் தீவில் லங்கர் என்போம். லங்கர் தரைக்குப் போனதும் ஷூவை ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு, விறைத்து நிற்கிற கயிற்றின்மேல் வெறும் பாதத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். லங்கர் மண்ணைப் பிடித்துவிட்டால் கயிறு சும்மா இருக்கும். பிடிக்காமல் இழுபட்டால் ஒரு நடுக்கம் ஏறி வரும். உள்ளங்காலுக்கு அது தெரியும். ஒரு நிமிடம் நின்றுவிட்டு மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டால், பிடித்துவிட்டது என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. நான் கேள்வி கேட்கிற ஆள், அவருக்குக் கேள்வி என்றாலே காது கேட்காது. முதல் வாரமே பார்ஜின் லங்கரைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது கிலோ இரும்பு, அதில் நேராகக் கட்டிய இருபது பாகம் கயிறு, அவ்வளவுதான். ஒரு நங்கூரம் தன் கனத்தால் மட்டும் எதையும் பிடித்து நிறுத்திவிடாது. கயிறு நீளமாகக் கிடந்து, இழுப்பு தரையோடு தரையாகப் போனால்தான் அதன் நாக்கு மண்ணுக்குள் இறங்கும். கயிறு குட்டையாக இருந்தால் இழுப்பு மேலிருந்து வரும், செடியைப் பிடுங்குகிற மாதிரி நாக்கைப் பிடுங்கிவிடும். ஆழத்தைப் போல ஐந்தாறு மடங்கு நீளம் வேண்டும், நங்கூரத்தை ஒட்டிக் கொஞ்சம் சங்கிலி இருந்தால் அதன் கனமே இழுப்பைத் தரையில் படுக்கவைக்கும் என்று படித்திருந்தேன். பக்கெட்டு மணலில் ஸ்பூனை வைத்துப் பார்த்தும் இருந்தேன். ஜெட்டிக்குப் பின்னால் பழைய மிதவையிலிருந்து கழற்றிப் போட்ட சங்கிலி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மேல்துருவைச் சுரண்டினால் வளையமெல்லாம் உறுதியாகத்தான் இருந்தது. ஆறு பாகம். தாதாவும் நானும் அதைச் சுமந்து வந்து லங்கருக்கும் கயிற்றுக்கும் நடுவில் மாட்டினோம். ஊருக்குள் டாலிகஞ்சில் ஒரு கடையில் தேடிப் பிடித்து இன்னொரு இருபது பாகம் கயிற்றையும் சேர்த்துக் கட்டினேன். இரண்டு நாள் வேலை. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்திலிருந்து பூரி தின்றபடி சாரங்கு வேடிக்கை பார்த்தார்.

"மலை ஏறப் போறியா புள்ள, இம்புட்டுக் கயிறு?"

நான் பாடம் நடத்துகிற மாதிரி எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டாரா என்று தெரியவில்லை. எழுந்து வந்து சங்கிலியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, மெதுவாகக் கீழே வைத்தார்.

"இதக் கழட்டு."

ஏன் என்று கேட்டேன். விடாமல் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்கு இத அடியிலேருந்து தூக்கப்போறது ஒன் புஸ்தகமா? தாதாவுக்கு முதுகுல ஆப்ரேஷன் பண்ணியிருக்கு. ஒங்கிட்டச் சொல்ல மாட்டாரு, சொன்னா வேலை போயிரும்னு பயம். கழட்டிப் போடு."

தாதாவின் முதுகைப் பற்றி எனக்குத் தெரியாது. அந்தச் சங்கிலியின் மறுமுனையைத் தோளில் போட்டு ஜெட்டி முழுக்க நடந்தவர் அவர்தான். வெட்கமாக இருந்தது. கழற்றிவிடுகிறேன் என்று சொன்னேன், சொன்னபோது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மறுநாள் காலை சங்கிலி அங்கேயே இருந்தது. நான் தனியாகவே இழுத்துவிடுவேன், ஒரே ஒரு முறை அது எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செய்தது வேலை செய்கிறதா என்று பார்க்காமல் என்னால் விட முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அன்றைய லோடு ரட்லண்ட் தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. மணல் மூட்டைகள், சிமெண்ட், நான்கு பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். தொட்டிகள் காலி, ஆள் உயரம், கனமே கிடையாது. அப்படிப்பட்டதைப் பின்பக்கம்தான் கட்டுவது வழக்கம். நான் நான்கையும் முன்மூலையில் நிறுத்திக் கட்டினேன், சங்கிலிக் குவியல் படகிலிருந்து தெரியாமல் இருக்க. சாரங்கு ஜெட்டியில் வந்து நின்று, கிளம்புவதற்கு முன்னால் எப்போதும் பார்ப்பது போலப் பார்ஜை முன்னாலிருந்து பின்வரை ஒருமுறை பார்த்தார்.

"தொட்டி ஏன் முன்னால வந்துச்சு?"

"மூட்டைக்குப் பின்னால எடம் வேணும்னு வச்சேன் அண்ணே."

"சங்கிலி?"

"கழட்டிட்டேன்."

தொட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "ம்" என்றார். படகில் ஏறிவிட்டார்.

அந்த ஒரு "ம்" தான் நான்கு வருடமாக என்னைத் தூங்கவிடாத விஷயம். முப்பது வருடம் சாமான் ஏற்றி இழுத்தவருக்கு, காலித் தொட்டியை யாரும் காரணமில்லாமல் முன்னால் கொண்டுவரமாட்டார்கள் என்று தெரியாதா? பார்த்தவுடன் புரிந்திருக்காதா? புரிந்தது என்றால் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? புரியவில்லை என்றால் அந்த "ம்" எதற்கு?

பத்து மணிக்கு சிடியா டாப்பு முனை தெரிய ஆரம்பித்தது. அதுவரை நல்ல வானம். அங்கே ரட்லண்டுக்குப் போகும் ஜலசந்தியிலிருந்து வெளியே வரும் நீரோட்டம் கடல் அலையோடு மோதும்; தண்ணீர் உலை கொதிக்கிற மாதிரி இருக்கும். கிழக்கே ஒரு கறுப்புத் திரை எழுந்ததைத் தாதாதான் முதலில் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் காற்று கடல் பக்கத்திலிருந்து வந்து அடித்தது, கூடவே மழை. நான்கு தொட்டிகளும் அந்தக் காற்றைப் பாய் மாதிரி வாங்கிக்கொண்டன. பார்ஜின் மூக்கு திரும்பியது. படகுக்கு நேர் பின்னால் வந்துகொண்டிருந்த நாங்கள் கரைப் பக்கமாக விலகி விலகி, கடைசியில் படகுக்குப் பக்கவாட்டில் போய்விட்டோம். இழுவையில் இதைவிட மோசமான ஒன்று கிடையாது. கயிறு பின்னாலிருந்து இழுக்கும்வரை படகுக்குப் பயமில்லை. பக்கத்திலிருந்து இழுத்தால் அது படகைப் புரட்டிவிடும். படகு சாய்வதை நான் பார்த்தேன். அதன் அடிப்பக்கத்துச் சிவப்புப் பெயிண்ட் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால், கரையை ஒட்டிய பவளத் திட்டின்மேல் அலை வெள்ளையாக உடைவதும் கேட்டது.

எங்கள் பேச்செல்லாம் கையால்தான். வாக்கி டாக்கி ஒன்று உண்டு, அது வாங்கிய பெட்டியோடு படகின் டிராயரில் இருந்தது. ஒரு கையைத் தூக்கினால் வேகம் குறைப்பதாக அர்த்தம். இரண்டு கையையும் தலைக்குமேல் பின்னிக் காட்டினால் கயிற்றை அவிழ்க்கப்போவதாக அர்த்தம். மறுபக்கம் அதையே திருப்பிக் காட்டும்வரை அவிழ்க்கக் கூடாது. மழைக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கைகளுக்காகத்தான் காத்திருந்தேன். கைகள் வரவில்லை. இல்லை, வந்ததை நான் பார்க்கவில்லை. தொட்டியின் கட்டு ஒன்று தளர்ந்ததும் அதைப் பிடிக்கத் திரும்பினேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது கயிறு விழுந்துகிடந்தது. படகு நிமிர்ந்துவிட்டிருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே, கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. தாதா லங்கரைத் தூக்கி விளிம்பைத் தாண்டி விட்டார். தீவில் எதைக் கீழே இறக்கினாலும் சொல்லும் அதே சொல்லை, ஆரியா, ஆரியா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதுகைப் பற்றி அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. சங்கிலி விளிம்பில் அரைத்துக்கொண்டு ஓடியது, பிறகு கயிறு, பிறகு நான் சேர்த்துக் கட்டிய முடிச்சு, பிறகு அந்தப் புதுக் கயிறு முழுவதும். கடைசிச் சுற்றைக் கட்டையில் இறுக்கிவிட்டு வெறும் பாதத்தைக் கயிற்றின்மேல் வைத்தேன். நடுங்கியது. லங்கர் இழுபட்டுக்கொண்டிருந்தது. என் உள்ளங்காலில் ஆரம்பித்துப் பல் வரைக்கும் வந்தது அந்த நடுக்கம். பிறகு ஒரு உதறல். பிறகு ஒன்றுமில்லை. பார்ஜின் மூக்கு மெதுவாகக் காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றது. பின்விளிம்பிலிருந்து பவளத் திட்டு முப்பதடி தூரத்தில் இருந்தது. தாதா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கயிற்றை இழுத்தேன், நுனியைப் பார்த்தேன்.

அரைமணி நேரம் கழித்து, காற்று தணிந்ததும் படகு திரும்பி வந்தது. சாரங்கு எங்களைப் பார்த்து முதலில் கேட்டது, தொட்டி நாலும் இருக்கா என்று. லங்கரைத் தூக்க, படகைப் பக்கத்தில் கட்டிவிட்டு அவரும் எஞ்சின் டிரைவரும் பார்ஜுக்குத் தாவி வந்தார்கள். தாதாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானும் அவரும் எஞ்சின் டிரைவரும் இழுத்தோம். கயிறு முடிந்து, தண்ணீருக்குள்ளிருந்து சங்கிலி மேலே வந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியம் தெரிந்தால் ஒரு பதில், தெரியாவிட்டால் இன்னொரு பதில். அவர் கழுத்து நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டே இருந்தார்.

"கனமாத்தான் இருக்கு" என்றார்.

லங்கரின் இரண்டு நாக்கிலும் சாம்பல் நிறக் களிமண் அப்பியிருந்தது. தாதா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார். அதைக் கவனிக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ரட்லண்டில் சாமானை இறக்கும்போதே கேட்டுவிட்டேன், ஏன் கைகாட்டவில்லை என்று. மூட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்து, "காட்டியிருந்தா நீ என்னா செஞ்சிருப்ப? லங்கரப் போட்டிருப்ப. அதத்தான செஞ்ச" என்றார். அதாவது நான் செய்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அப்படியென்றால் சங்கிலி இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். அன்று அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள்தான் அது நின்றது. எஞ்சின் டிரைவர் சொன்னது அதைக் கலைத்தது. படகு சாய்ந்தபோது எஞ்சின் அறைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதாம், இன்னும் இரண்டு நொடி போயிருந்தால் படகே கவிழ்ந்திருக்குமாம். அவர் மேலே ஏறி வந்தபோது சாரங்கின் ஷூ ஜோடியாக வழியில் கிடந்ததாம். "அந்த மனுசன் ஷூவக் கழட்டுனா ஒண்ணு லங்கரு, இல்லாட்டி நீச்சலு. படகுல நாங்க லங்கர் போடலியேம்மா" என்றார். அப்படியென்றால் கயிற்றை அவிழ்த்தது என்னை நம்பியா, உயிருக்குப் பயந்தா? தாதாவைக் கேட்டால், "ஹாத் உடாயா தா" என்கிறார், கையைத் தூக்கினார் என்று. இரண்டு கையா, ஒரு கையா என்றால் மழையைக் காட்டுகிறார்.

இரண்டாவது முறை கேட்டது சில மாதங்கள் கழித்து, டாலிகஞ்ச் டீக்கடையில். எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, விடைபெற வந்திருந்தேன். எஞ்சின் டிரைவர் அன்றைய கதையை யாருக்கோ நீட்டிச் சொல்லி, இந்தப் பொண்ணு ஒளிச்சு வச்ச சங்கிலிதான் காப்பாத்துச்சு என்று முடித்தார். நான் சிரித்துக்கொண்டே, உங்களுக்குத் தெரியும்தானே அண்ணே என்றேன். சாரங்கு டீயை ஆற்றிக் குடித்து முடித்தார்.

"எனக்கெப்பிடித் தெரியும்? கழட்டச் சொன்னேன். கழட்டிட்டேன்னு சொன்ன. நான் ஒன் பேச்ச நம்புனேன்."

அதில் கோபம் இல்லை. சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார முடியவில்லை. என்னை நம்பியதால்தான், இருபது பாகம் வெறும் கயிற்றோடு எங்களை விட்டுவிட்டுப் போனார் என்றா சொல்கிறார்? அல்லது என் பொய்யை அன்றே பார்த்துவிட்டு, இன்றைக்கு அதைத் திருப்பித் தருகிறாரா? இன்னொன்றும் அன்றுதான் எனக்கு விளங்கியது. சங்கிலியை மறைக்கத் தொட்டிகளை முன்னால் வைத்தேன். தொட்டிகள் காற்றை வாங்கியதால்தான் பார்ஜ் விலகியது. அது விலகியதால்தான் கயிற்றை அவிழ்க்க வேண்டிவந்தது. அவர் விட்டார், விட்டார் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். விடும் நிலைக்கு அவரைக் கொண்டுபோனது யார் என்று அவர் ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை.

மூன்றாவது முறை, அவர் நோயில் படுத்திருந்தபோது. புரோத்ராபூர் வீட்டு வாசலில் அந்த ஷூ ஜோடி பாலிஷோடு இருந்தது. படுத்தே கிடந்தாலும் வாரம் ஒருமுறை போடச் சொல்கிறார் என்று மகள் சொன்னார். நான் எதையும் கேட்பதாக இல்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தேன். என் வேலையைப் பற்றிக் கேட்டார். முக்குளிக்கும் ஆட்களைக் கூட்டிப்போகிற படகுகள் பவளத்தின்மேல் லங்கர் போடாமல் இருக்க, அவற்றைக் கட்டி நிறுத்தும் மிதவைகளைக் கடலடியில் பொருத்துகிற வேலை என்று சொன்னேன். எந்த எந்த இடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அங்கே மணல், இங்கே பாறை என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். சிடியா டாப்பு முனைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"அந்த எட்டு பாகம் ஆழத்துல கீழ பூராக் களி, புள்ள. செருப்பக் கட்டிப் போட்டாக்கூடப் புடிச்சுக்கும்."

சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, மகள் வந்து தூக்கி உட்காரவைத்தார். நான் தண்ணீரை நீட்டினேன். என்னைத் தேற்றச் சொன்னாரா, தன்னைத் தேற்றிக்கொண்டாரா, உண்மையைத்தான் சொன்னாரா? அடுத்த வாரம் வந்து கேட்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேலை இருந்தது. அதற்கடுத்த வாரம் அவர் இல்லை.

எனக்கு இந்த வேலை கிடைத்ததே அந்தச் சங்கிலியால்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேர்காணலில் அந்தக் கதையைத்தான் சொன்னேன். ஆழம் எட்டு பாகம், கயிறும் சங்கிலியும் நாற்பத்தாறு பாகம், ஆறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, பிடித்தது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பொய்யையும் தொட்டிகளையும் சொல்லவில்லை. போன வாரம், அதே முனைக்கு அருகில் மிதவை வைக்க இடம் பார்க்கப் போனோம். கீழே போய்வந்த எங்கள் முக்குளிப்பாளன் கையில் ஒரு பிடி மண்ணோடு வந்தான். சாம்பல் நிறக் களி. அவன் கையை உதறினான், அது விழவில்லை. தாதா அன்று வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிய அதே களி.

படகில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிட்டேன். சங்கிலி இல்லாமல், வெறும் இருபது பாகம் கயிற்றோடு, அதே நாற்பது கிலோ லங்கரை அதே இடத்தில் போட்டு இழுத்துப் பார்ப்பது. பிடித்துவிட்டால் சாரங்கு சொன்னது உண்மை. சங்கிலி இருந்ததோ இல்லையோ, பார்ஜ் நின்றுவிடும் என்று தெரிந்துதான் அவிழ்த்திருக்கிறார். கூடவே, என் ஆறு பாகமும் அதை ஒளித்துவைத்த பொய்யும் தொட்டிகளும் ஒன்றுக்கும் தேவையில்லாத வேலை என்றும், ஆபத்தை நானே வரவழைத்தேன் என்றும் ஆகிவிடும். பிடிக்காவிட்டால் என் கதை பிழைத்துக்கொள்ளும், அவர் பழையபடி எனக்குப் புரியாதவராகவே இருப்பார். எது நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன் என்று கேட்டால், காலையில் ஒரு பதிலும் மாலையில் ஒரு பதிலும் வருகிறது.

காண்டிராக்டர் ஞாயிற்றுக்கிழமை பார்ஜைத் தர ஒத்துக்கொண்டார். எஞ்சின் டிரைவரிடம் சொன்னபோது, "செத்த மனுசனக் கொண்டாந்து கூண்டுல நிறுத்துறியாம்மா?" என்றார். கூண்டில் நிற்பது நான்தான் என்றேன். சரி, நானும் வருகிறேன் என்றார். தாதாவும் வருகிறார், லங்கரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. நடுவில் இரண்டு நாள் மாலையில் ஜெட்டிக்குப் போய், இரட்டைக் கட்டையில் கயிற்றை எட்டுப் போட்டுச் சுற்றி, ஒரு லாரியில் மறுமுனையைக் கட்டி இழுக்கச் சொல்லி அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு கையும் வேண்டும். கயிறு தளர்கிற ஒரு நொடியில் ஒவ்வொரு சுற்றையும் கட்டையின் தலைக்குமேல் தூக்கி எறிய வேண்டும். தூக்கும்போது கை தானாக மேலே போகிறது. மழைக்குள் தூரத்திலிருந்து பார்க்கிற ஒருவருக்கு அது கைகாட்டுவது போலத் தெரியுமா?

அதையும் சேர்த்துத்தான் பார்க்கப்போகிறேன். ஞாயிறு பத்து மணிக்கு நீரோட்டம் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். நான் பார்ஜில் வெறுங்காலோடு லங்கர் கயிற்றின்மேல் நிற்பேன். எஞ்சின் டிரைவர் எங்களைக் கரைப் பக்கமாகப் படிப்படியாக வேகம் கூட்டி இழுப்பார். என் பாதத்துக்குப் பதில் கிடைத்ததும் நான் ஒரு கையைத் தூக்குவேன்; அவர் வேகத்தைக் குறைத்து, படகின் பின்பக்கம் வந்து சுற்றை அவிழ்க்க வேண்டும். எனக்குக் கைகாட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பழைய இழுவைக் கயிறு காண்டிராக்டரின் கொட்டகையில்தான் இருந்தது. வாங்கி வந்து வீட்டு மாடியில் காயப்போட்டிருக்கிறேன். நுனியில் கறுப்பு டேப் வெளுத்து, ஒரு ஓரம் உரிந்திருக்கிறது. புதிதாகச் சுற்றவில்லை. ஞாயிறு காலை ஜெட்டியில் அந்த நுனியைத்தான் எஞ்சின் டிரைவர் கையில் கொடுக்கப்போகிறேன்.